பின்பாரம் ஏறிய விமானம்

1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்கு டெனிம் துணி ஏற்றிக்கொண்டு ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானம் கிளம்பியது. தரையை விட்டதுமே மூக்கு அளவுக்கு மீறி மேலே தூக்கிக்கொண்டது. விமானிகளால் அதைத் தாழ்த்த முடியவில்லை. சில நொடிகளில் விமானம் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த நால்வரோடு, தரையில் காரில் இருந்த ஒருவரும் இறந்தார்.

சரக்கு வைத்த இடம்தான் காரணம் என்றது விசாரணை. அந்தத் துணி முதலில் வேறொரு விமானத்துக்காகத் திட்டமிடப்பட்டது. விமானம் மாறியது, ஏற்றிய விதம் தாளில் இருந்ததோடு பொருந்தவில்லை. மாட்டு வண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே கிளம்பும் அல்லவா, அதே கணக்குதான் இங்கும். ஈர்ப்பு மையம் காகிதத்தில் இருந்ததைவிடப் பின்னால் போயிருந்தது. விமானிகளோ காகிதத்தை நம்பி ட்ரிம், அதாவது வால் சிறகின் சாய்வு, வைத்தார்கள்.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் போதும் என்ற எண்ணம் அதனால்தான் ஆபத்தானது. வெற்று விமானம், எரிபொருள், சரக்கு அடுக்கிய ஒவ்வொரு தட்டு (பேலட்) என எல்லாவற்றின் எடையையும், ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால்தான் மையம் தெரியும். ஒரு பேலட் இடம் மாறினாலும் விடை மாறிவிடும்.

கணக்கு சரியாக இருந்தும் கட்டு சரியில்லை என்றால்?

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து நேஷனல் ஏர்லைன்ஸின் 747 சரக்கு விமானம் ஐந்து கவச வாகனங்களோடு புறப்பட்டது. அவற்றில் மூன்று, தலா 18 டன். குறைந்தது ஒரு வாகனம் கட்டை அறுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, ஹைட்ராலிக் அமைப்புகளையும் வால் பகுதிக் கட்டுப்பாட்டையும் சிதைத்தது. விமானம் விழுந்து, உள்ளே இருந்த ஏழு பேரும் மாண்டார்கள். முந்தைய பயணத்தில் ஒரு பட்டை அறுந்திருந்ததைப் பற்றி, புறப்படும் முன் விமானிகள் பேசிக்கொண்டது ஒலிப்பதிவில் இருக்கிறது. படிக்கும்போது மனம் பதறுகிறது. அறுந்த பட்டை ஒரு எச்சரிக்கை. அங்கேயே நிறுத்தி, கட்டு முழுவதையும் கணக்கிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நிறுத்தும் உரிமை யாருக்கு? அமெரிக்க விதிப்படி விமானத்தின் இறுதிப் பொறுப்பும் அதிகாரமும் தலைமை விமானிக்கே. சரக்கின் எடையையும் இடத்தையும் காட்டும் லோடு ஷீட்டில் சந்தேகம் இருந்தால் மீண்டும் எடை போடச் சொல்லலாம், புறப்பட மறுக்கலாம். அனுப்புபவர் எடையைக் குறைத்து எழுதினால், அந்தப் பொய்யோடு சேர்ந்தே விமானம் பறக்கிறது. பேலட் பூட்டு மாட்டாமல் கிடப்பதையும் வலை கிழிந்திருப்பதையும் முதலில் காண்பவர் ஏற்றும் தொழிலாளி. நேரமாகிறது என்ற அவசரத்தில் அவர் வாயடைத்துப்போகக் கூடாது.

பேசினால் வேலை போய்விடும் என்ற அச்சத்துக்கு அமெரிக்காவில் ஒரு தீர்வு உண்டு. 2000-இல் வந்த ஏர்-21 சட்டம், பாதுகாப்புக் குறையைச் சுட்டிக்காட்டிய விமான நிறுவன ஊழியரையும் ஒப்பந்ததாரரின் ஊழியரையும் பழிவாங்குவதைத் தடுக்கிறது. பழிவாங்கப்பட்டவர் 90 நாட்களுக்குள் தொழிலாளர் துறையின் ஓஷா அமைப்பிடம் புகார் தர வேண்டும். நிறுவனத்தோடு மோத விரும்பாதவர்களுக்கு, 1976 முதல் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை இருக்கிறது. அனுப்பியவரின் அடையாளம் அதில் நீக்கப்பட்டுவிடும். எந்த வழியானாலும், தேதி, பேலட் எண், யாரிடம் சொன்னோம் என்பதை அன்றே எழுதிவைத்துக்கொள்வது நல்லது.