பொன்னொளிக்கு 25 நிமிடம்

படம் எடுக்கக் கற்றுத்தரும் புத்தகங்களும் காணொளிகளும் தவறாமல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: ‘கோல்டன் ஹவர்’. சூரியன் உதித்த பின் ஒரு மணி நேரம், மறையும் முன் ஒரு மணி நேரம். அப்போது எதை எடுத்தாலும் பொன்னாக மின்னும் என்பார்கள். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் இதை நம்பி, டீ குடித்துவிட்டு சாவகாசமாகக் கேமராவை எடுத்தால் பொன் போய்விட்டிருக்கும். பாடத்தில் பிழையில்லை. அது எழுதப்பட்ட ஊர் வேறு.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய நேராகவே கீழே இறங்கும். சம இரவு நாட்களில் மணிக்கு 14.6 பாகை வேகம். தொடுவானத்திலிருந்து 6 பாகை உயரத்துக்கு வந்த பிறகுதான் வெயில் நன்றாகப் பொன்னிறம் கொள்கிறது. அப்போது ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால், நீலம் வழியிலேயே சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. அந்த 6 பாகையைக் கடக்கச் சென்னைச் சூரியனுக்கு 25 நிமிடம் போதும். லண்டனில் அதே நாளில் சூரியன் சாய்வாகச் சறுக்கி இறங்குவதால் 40 நிமிடம் ஆகும். கோடையில் இன்னும் நீளும்.

கேமரா எந்த விலையில் இருந்தாலும், ஊரின் வெளிச்சத்தைப் படித்தவருக்கே அது வசப்படும் என்பது என் உறுதியான எண்ணம். கேமராவுக்குள் இருக்கும் ‘ஆட்டோ’ ஒரு சராசரி உலகத்தைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. மயிலாப்பூரும் தி.நகரும் அடையாறும் அந்தச் சராசரியிலிருந்து எங்கெங்கே விலகுகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நம் கடல் கிழக்கே இருக்கிறது. அதனால் எலியட்ஸில் கடலில் சூரியன் மறைவதில்லை, உதிக்கத்தான் செய்யும். மாலையில் கூட்டம் மேற்கே திரும்பி, கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் ஒளிவதைப் படமெடுக்கிறது. அந்த நேரத்தில் முதுகைத் திருப்பிக் கடலைப் பார்க்க வேண்டும். சூரியன் மறைந்த சில நிமிடங்களில், கடலை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும்பும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை. கீழே தெரியும் நீலம் பூமியின் நிழல். நாம் நிற்கும் கோளின் நிழல் காற்றில் விழுந்து உயர்வதைக் கண்ணால் காணலாம். அதைப் பின்னணியாக வைத்து ஒருவரை நிற்க வைத்தால், மேற்கு வானம் முழுவதும் சேர்ந்து அவர் முகத்துக்கு மெல்லிய ஒளி கொடுக்கும். எந்த ஸ்டுடியோ விளக்கும் அவ்வளவு பெரியதல்ல.

நண்பகல் வேறு கதை. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டிச் சென்னையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். நட்டுவைத்த கோலுக்கு நிழலே விழாது. புருவத்தின் நிழல் கண்ணை மூடும், மூக்கின் நிழல் மீசையாக இறங்கும். மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழா அந்த ஏப்ரல் நாளுக்குச் சற்று முன்பு வருகிறது. காலையில் கபாலீசுவரர் தேர் வலமாகச் சுற்றும்போது தெற்கு மாட வீதியில் மேற்கு நோக்கி நகரும். எதிரே நின்று எடுப்பவருக்குச் சூரியன் தேருக்குப் பின்னால். தேரின் முகப்பு இருளும், விளிம்புகள் மட்டும் சுடர்விடும். வடம் பிடிப்பவர்கள் கிளப்பும் தூசி ஒளியில் தெரிய வேண்டுமென்றால் இதுவே இடம். மறுநாள் பிற்பகல் அறுபத்து மூவர் புறப்பாட்டில் அதே வீதி தலைகீழாகிறது. மேற்கே சாய்ந்த வெயில் மேற்கு நோக்கும் முகங்களில் நேராக விழும். முகங்கள் வேண்டுமானால் அப்போது வாருங்கள். ஒரே வீதி, ஒரே ஊர்வலப் பாதை. எத்தனை மணிக்கு எந்தத் திசையில் நிற்கிறோம் என்பதே படத்தைத் தீர்மானிக்கிறது. இதற்குச் செலவு ஒரு திசைகாட்டி, அதுவும் கைப்பேசியிலேயே இருக்கிறது.

வீட்டுக்குள் படமெடுக்க நினைப்பவர்கள் ஜன்னலைத் தேடட்டும். ஒளி தரும் பரப்பு எவ்வளவு பெரிதோ, நிழலின் ஓரம் அவ்வளவு மெல்லியது. ஜன்னலிலிருந்து விலகும் தூரம் கூடக் கூட ஒளி வேகமாகக் குறையும். ஆகவே ஜன்னலை ஒட்டி ஓரடி முன்னே பின்னே நகர்த்தினாலே முகத்தின் பாவம் மாறிவிடும். மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் படித்து, சென்னையில் வாழ்ந்த பாலு மகேந்திரா இந்த ஒளியின் மீது அலாதி நம்பிக்கை வைத்தவர். ‘வீடு’ படத்தை இயக்கியவர், ஒளிப்பதிவு செய்தவர், தொகுத்தவர் எல்லாம் அவரே. இன்று கைப்பேசியில் எடுத்து அதிலேயே எடிட் செய்யும் எவரும் அந்தப் படத்தை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் கவனித்தால் போதும். 1945இல் தொடங்கி, ‘அடையாறு திரைப்படக் கல்லூரி’ என்று பெயர் பெற்று, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசு நிறுவனத்தில் படித்த பி.சி.ஸ்ரீராம் எதிர்ப்பக்கம் போனார். ‘நாயகன்’ படத்தில் இருட்டை இருட்டாகவே விட்டார். 1987க்கான ஒளிப்பதிவுத் தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

அடுத்தது, கேமராவின் ஒளிமானி. அது எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும், அதாவது விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பித் தரும் பரப்பு என்று. மார்கழி விடியலில் நீர் தெளித்த கருந்தரையில் போட்ட கோலத்தைக் காட்டினால், தரையின் கருமையைச் சாம்பலாக்கக் கூடுதல் ஒளியை உள்ளே விடும். மாவின் வெண்மை பொங்கி இழைகள் கரைந்துவிடும். வெள்ளை வேட்டிக் கூட்டத்தைக் காட்டினால், வேட்டியைச் சாம்பலாக்கி முகங்களைக் கரியாக்கும். இப்போதைய கைப்பேசிகள் காட்சியை அடையாளம் கண்டு ஓரளவு திருத்திக்கொள்கின்றன என்றாலும் பிழை தீரவில்லை. திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலோ கீழோ நகர்த்துங்கள். இந்த ஒரு பழக்கம் ஒரு புதிய கைப்பேசியைவிட அதிகப் பயன் தரும்.

இங்கே நம் தோலின் நிறத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1950களிலிருந்து கோடக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி கார்டு’ என்பது அதன் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் அச்சு சரி. கரிய முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரிய அச்சானாலும் யாரும் அட்டையை மாற்றவில்லை. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தேடி எழுதியிருக்கிறார். கரும்பழுப்பின் வேறுபாடுகள் ஃபிலிமில் தெரியவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் குறை சொன்ன பிறகே திருத்தம் வேகம் பிடித்தது என்கிறார் அவர். மனிதர்கள் சொல்லியும் நடக்காதது சாக்லேட்டுக்காக நடந்தது. அந்த மனப்போக்கு இன்னும் போகவில்லை. பல கைப்பேசிகளில் ‘ப்யூட்டி’ என்ற பெயரில் தோலை வெளுக்கச் செய்யும் அமைப்பு இருக்கிறது. சிலவற்றில் வாங்கும்போதே அது இயங்கும் நிலையில் இருக்கும்.

கரிய தோலுக்கு ஓர் இயற்பியல் உண்டு. அது ஒளியைப் பரவலாகச் சிதறடிப்பது குறைவு. அதனால் மேற்பரப்பில் தெறிக்கும் பளபளப்பு எடுப்பாகத் தெரியும். சிறிய ஃபிளாஷ் விளக்கை நேராக அடித்தால் நெற்றியில் வெள்ளைப் புள்ளியாக விழும். பெரிய ஜன்னல், வெள்ளைச் சுவர், மேகம் மூடிய வானம் போன்ற அகன்ற ஒளியில் அதே பளபளப்பு கன்னத்தின் வளைவை வரைந்து காட்டும். வெளுத்துக் காட்டுவதால் அந்த வளைவே அழிந்துபோகிறது.

தி.நகருக்குப் போவோம். ரங்கநாதன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ இரவில் வீடியோ எடுத்தவர்கள் பலருக்கு அதில் கருங்கோடுகள் மேலும் கீழும் நகர்ந்திருக்கும். கைப்பேசி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. மலிவான எல்இடி விளக்குகளில் இந்த ஏற்றத்தாழ்வு அதிகம். கேமராவின் சென்சார் படத்தை ஒரே கணத்தில் பிடிப்பதில்லை, மேலிருந்து வரிவரியாகப் படிக்கிறது. ஷட்டர் 1/60 நொடி என்றால் சில வரிகளுக்கு விளக்கின் உச்ச ஒளி கூடுதலாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் கிடைக்கும். அதுவே கோடுகள். 1/100 நொடி வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுதாக ஒரு துடிப்பு, 1/50 வைத்தால் இரண்டு. கோடுகள் மறையும். பல கேமராக்களில் 60 ஹெர்ட்ஸ் அமெரிக்காவை மனதில் வைத்து நொடிக்கு 30 ஃபிரேம் என்றே அமைத்திருப்பார்கள். அமைப்புகளுக்குள் போய் ‘பால்’ (PAL) அல்லது 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றி, 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் எல்இடி விளம்பரப் பலகைகளின் துடிப்பு மட்டும் வேறு கணக்கு. அங்கே ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பதே வழி.

25 ஃபிரேமுக்கு 1/50 என்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அசைவில் அளவான கலங்கல் இருப்பதால் ஓட்டம் இயல்பாகத் தெரியும். ஆனால் நண்பகல் வெயிலில், ஐஎஸ்ஓ 100இல், எஃப் 1.8 லென்ஸ் கொண்ட கைப்பேசிக்கு 1/8000 நொடியை ஒட்டிய ஷட்டர் தேவைப்படும். 1/50 வேண்டுமானால் ஒளியை ஏறக்குறைய 160இல் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, அதாவது என்டி ஃபில்டர், முன்னால் வேண்டும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் கடற்கரைக்கு எடுத்துப்போனால் லென்ஸ் வியர்க்கும். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஈரக்காற்று நீராகப் படிவதே காரணம். இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்து அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள்.

இனி எடிட்டிங். அது கணினி யுகத்துச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு லின்னேயஸ் டிரைப்பை அறிமுகப்படுத்த வேண்டும். 1856இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட ராணுவ அதிகாரி. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளப் படமாக்கினார். இன்றைய பனோரமாவுக்கு மூத்த அண்ணன் அது. அன்றைய ரசாயனங்கள் நீலத்துக்கே அதிகம் மசிந்ததால் வானம் வெறும் வெள்ளையாக விழும். பர்மாவில் எடுத்த நெகட்டிவ்களில் அவர் மேகங்களைக் கையாலேயே தீட்டிச் சேர்த்தார்.

இன்றும் வானம் வெளுத்துவிட்டால் மீட்க முடியாது. சென்சாரில் நிரம்பி வழிந்த ஒளியில் தகவல் ஏதும் இல்லை. இருட்டிலோ கொஞ்சம் ஒளிந்திருக்கும். ஆகவே வெளிச்சமான இடம் வெளுக்காமல் சற்றுக் குறைத்து எடுத்து, நிழலை எடிட்டிங்கில் உயர்த்துவது நல்லது. அளவு மீறி உயர்த்தினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும். சாதாரண ஜேபெக் படம் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டுமே வைத்திருக்கிறது. 14 பிட் ‘ரா’ கோப்பில் 16,384 படிகள். எலியட்ஸின் அந்த நீல-இளஞ்சிவப்பு வானத்தை ஜேபெக்கில் இழுத்துப் பிடித்தால் படிக்கட்டாகப் பிளவுபடும். விளக்கொளிப் படங்களில் ‘ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்’ அகல் விளக்கின் மஞ்சளைக் குறையென்று எண்ணித் துடைத்துவிடும். பகல் ஒளிக்கான அமைப்பிலேயே நிறுத்தினால் திருக்கார்த்திகை திருக்கார்த்திகையாகவே இருக்கும்.

வீடியோவில் வெட்டும் இடமே எழுத்து. நம் கண் நொடிக்கு மூன்று முறை போலத் தாவுகிறது. தாவும் கணத்தில் வரும் கலங்கலை மூளை கணக்கில் எடுப்பதில்லை. நல்ல வெட்டு இந்தப் பழக்கத்தோடு ஒத்துப்போகிறது. பூ தொடுக்கும் அம்மாவை எடுக்கிறீர்கள் என்றால், கை நாரை இழுக்கும் அசைவின் நடுவில் தொலைவுக் காட்சியை வெட்டி, அதே அசைவின் தொடர்ச்சியில் விரல்களின் அண்மைக் காட்சியை வையுங்கள். கண் அசைவைப் பின்தொடர்வதால் வெட்டு தெரியாது. இதற்காகவே ஒரே செயலை அகலமாகவும் அருகிலும் எடுத்துவைக்க வேண்டும். குரலைப் பதிய மைக்கை அருகே கொண்டுபோங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், தெரு இரைச்சல் அப்படியே நிற்கும். அடுத்த காட்சியின் ஒலியை ஒரு நொடி முன்பே தொடங்கிவிட்டால், பார்ப்பவர் மனம் படத்துக்கு முன்பாக அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

கடைசியாக, இரண்டு வேண்டுகோள்கள். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருங்கும், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். அதைவிட முக்கியமானது, இந்தப் பக்கத்தை மூடியதும் உங்கள் கைப்பேசியின் ‘ப்யூட்டி’ அமைப்பை அணைத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளின் கைப்பேசியிலும் அணைத்து, ஏன் அணைத்தீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.