பெருக்கமரத்தின் மருத்துவப் பயன்களும் அவற்றின் எல்லையும்

மன்னாரிலும் நெடுந்தீவிலும் வாழ்வோர் பெருக்கமரத்தை நன்கறிவர். அராபிய வணிகர் வாயிலாக அது இங்கு வந்தது என்பது பொதுவான கருத்து. மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 19 மீற்றராகும். எனினும், நம் நாட்டில் அது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் மரமாகவே நிற்கின்றது. அதன் தாயகமாகிய ஆபிரிக்காவிலோ அது உணவாகவும் மருந்தாகவும் விளங்குகின்றது. அம்மருந்துகளுள் நம்பத்தக்கவை எவை, நம்பலாகாதவை எவை என்பதை அறிதல் அவசியமாகும்.

இம்மரத்தின் மெய்யான சிறப்பு பழத்திலேயே உள்ளது. கடினமான ஓட்டினுள் விதைகளைச் சூழ்ந்துள்ள புளிப்புச் சதை, மரத்திலிருக்கும்போதே உலர்ந்து வெண்மாவாகின்றது. இம்மாவின் 100 கிராமில் 150 முதல் 300 மில்லிகிராம் வரை விற்றமின் சி இருப்பதுண்டு. அதே நிறையுள்ள தோடம்பழத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராமே உண்டு. செனகால் நாட்டினர் மாவை நீரிற் கரைத்து, வடித்து, சீனி சேர்த்துப் பருகுவர், வயிற்றோட்டத்துக்கும் கொடுப்பர். ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டில் இதனை உணவுப் பொருளாக விற்க அனுமதித்தது. கொதிக்க வைத்தால் விற்றமின் கெடுமாதலால், கொதித்தாறிய நீரிற் கரைப்பதே முறை. ஓடு வெடித்துப் பூசணம் பிடித்த பழத்தை எறிந்துவிடல் வேண்டும். வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைக்கு இப்பானம் மட்டும் போதாது. இழந்த உப்பை ஈடுசெய்ய ஜீவனி போன்ற கரைசலே கொடுத்தல் வேண்டும்.

பட்டையின் கதை வேறு. கைப்பான அதன் கசாயம் காய்ச்சல் மருந்தெனப் பல நாடுகளில் வழங்கி வந்தது. 1749ஆம் ஆண்டில் செனகாலுக்குச் சென்ற பிரெஞ்சுத் தாவரவியலறிஞர் அடன்சன், இம்மரத்தின் இலைக் கசாயத்தையும் புகழ்ந்தார். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பட்டையைக் கொயினாவுக்குப் பதிலாகப் பயன்படுத்தவும் முற்பட்டனர். ஆயின் மலேரியாவை அது தீர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. கைப்பு யாவும் கொயினாவாகிவிடாது. கசாயத்தை நம்பி இரண்டு மூன்று நாள்களைக் கழித்தால், கடுமையான மலேரியா மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைக் கவர்ந்துவிடும். இலங்கை மலேரியா அற்ற நாடென 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும், ஆபிரிக்க நாடுகளுக்குச் சென்று திரும்பியோருக்குக் காய்ச்சல் கண்டால், அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, பயண விவரத்தைக் கூறி, இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும்.

இலையை நைஜீரியாவின் அவுசா மக்கள் பொடித்துக் குழம்பிலிடுவர். அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வெயிலிலன்றி நிழலில் உலர்த்தினால் விற்றமின் ஏ ஆக மாறும் சத்து அதிகம் எஞ்சும். விதையில் புரதமும் எண்ணெயும் உண்டு. ஆனால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் உள. ஆகையால் அதனைப் பச்சையாக உண்ணாது, நன்கு வறுத்தோ அவித்தோ உண்ணல் வேண்டும். பச்சை விதையெண்ணெயைச் சமையலுக்குக் கொள்ளலாகாது. சருமத்திற் பூசுவதுடன் நிறுத்திக்கொள்க.