பழைய இலத்திரன் முழவும் புதிய மிடிக் கருவியும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகைப்படுத்துவது தமிழிசை நூலார் மரபு. முழவினம் யாவும் தோற்கருவியுள் அடங்குவன. ஆயின், தோலுமின்றி மரமுமின்றி மின்னோட்டத்தால் மட்டுமே முழங்கும் முழவுகள் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் மேனாடுகளிலும் யப்பானிலும் தோன்றின. இவை அந்நான்கனுள் எதனுள்ளும் அடங்கா. இவற்றுட் பழையன இன்று நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட முதுமையுடையன. எனினும் அவற்றின் ஒலியை விரும்புவோர் நாளுக்கு நாள் பெருகுகின்றனர். அவற்றை இக்காலத்துக் கணினியோடும் மிடிக் கருவிகளோடும் இணைப்பது எங்ஙனம், இணைக்குமிடத்துப் பேணவேண்டுவது யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

இலத்திரன் முழவு இருதிறத்தது. ஒன்று, முன்னரே வகுத்துவைத்த தாளக்கட்டைத் தானே இயற்றுவது; இதனைத் தாளப்பொறி எனலாம். மற்றையது, கோல்கொண்டு அடிக்கப்படும் தட்டும் அவ்வடியை ஒலியாக்கும் பெட்டியும் சேர்ந்தது. முன்னையதற்கு றோலண்ட் நிறுவனத்தாரின் ரி. ஆர். 808 என்பதும், பின்னையதற்கு இங்கிலாந்தில் டேவ் சிமன்ஸ் என்பார் 1981 இல் வெளியிட்ட எஸ். டி. எஸ். 5 என்பதும் தக்க எடுத்துக்காட்டுக்களாம்.

ரி. ஆர். 808 யப்பானில் 1980 இல் வெளிவந்தது. 1983 இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 12,000 பொறிகளே ஆக்கப்பட்டன. அதன் ஒலி உண்மை முழவின் ஒலியைப் போன்றதன்று என அக்காலத்தார் பலர் இகழ்ந்தனர். அமெரிக்கரான றொஜர் லின், மெய்யான முழவின் ஒலியையே எண்களாகப் பதிந்து, எல். எம். 1 என்னும் பொறியை அதே 1980 இல் வெளியிட்டிருந்தமையும் இவ்விகழ்ச்சிக்கு ஒரு காரணமாகும். எனினும் அதன் விலை 808 இன் விலையினும் நான்கு மடங்குக்கு மேற்பட்டது. 808 இன் ஒலிக்கு அடிப்படையானவற்றுள் ஒன்று, குறைபாடுடையனவென ஒதுக்கப்பட்ட திரான்சிற்றர்களாகும். குறைக்கடத்தி ஆக்கும் முறை திருந்தியபின் அத்தகைய குறையுடைய திரான்சிற்றர் கிடையாதொழிந்தமையே உற்பத்தி நின்றமைக்குக் காரணம் என நிறுவனத்தின் தாபகர் இக்குதாரோ காகெஹாஷி கூறியுள்ளார். குறையே குணமாகிய அப்பொறியை, இழந்தால் மீட்டும் பெறலரிய பொருளாகவே கருதல் வேண்டும். இணைப்பு முறையைத் தெரிவு செய்யுமிடத்து மறக்கலாகாதது இதுவே.

மிடி என்பது ‘மியூசிக்கல் இன்ஸ்ற்றுமென்ற் டிஜிற்றல் இன்ரர்பேஸ்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களாலாகிய பெயர். தமிழில் மிடி என்னுஞ் சொல் வறுமையைக் குறிக்கும். இம்மிடியின் வறுமை யாது என்பது பின்னர் விளங்கும். காகெஹாஷியும் அமெரிக்கரான டேவ் சிமித்தும் முன்னின்று முயன்றதன் பயனாக, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் 1983 சனவரியில் முதன்முறையாகப் பொதுமேடையொன்றில் மிடியால் இணைக்கப்பட்டன. இம்முயற்சிக்காக இருவர்க்கும் 2013 இல் தொழினுட்பக் கிராமி விருது வழங்கப்பட்டது. மிடி ஒலியைக் கடத்துவதன்று. எந்த ஒலி, எப்பொழுது, எத்துணை வலிவோடு என்னுஞ் செய்தியை எண்களாகக் கடத்துவது. பழைய முழவோ எண் அறியாதது. மின்னழுத்தத்தின் ஏற்றவிறக்கம் ஒன்றே அதற்குத் தெரிந்த மொழி. ஆதலின் இரண்டற்குமிடையே ஒரு துபாசி வேண்டும்.

இவ்விடத்தே பலரும் இடறுவதுண்டு. 808 இன் பின்புறத்தே ஐந்து ஊசிக்குரிய வட்டமான குதையொன்று உளது. மிடிக் குதையும் அதே வட்டம், அதே ஐந்து ஊசி. உருவொப்புமை கண்டு இரண்டையும் நேரே இணைப்போர் பெறும் பயன் பெரும்பாலும் மௌனமே. றோலண்ட் முறையில் முதலாம் ஊசி தொடங்குக, நிறுத்துக என்னும் ஆணையையும், மூன்றாம் ஊசி காலக்கணக்கின் துடிப்பையும், இரண்டாம் ஊசி புவித்தொடுப்பையும் தாங்குவன. துடிப்பு ஒவ்வொன்றும் 5 வோல்ற்று அளவினது. மிடியிலோ செய்தி செல்வது நான்காம் ஐந்தாம் ஊசிகளின் வழியே; அதுவும் செக்கனுக்கு 31,250 பிற்று என்னும் வேகத்தில், ஏற்றும் அணைந்தும் செல்லும் 5 மில்லியம்பியர் மின்னோட்டமாக. பெறுங் கருவியினுள் ஒரு சிறு விளக்கு அம்மின்னோட்டத்தால் மின்ன, எதிரேயுள்ள ஒளியுணரி அதனைக் காணும். இரு கருவிகளுக்குமிடையே மின் நேரே பாய்வதில்லை என்பது இவ்வேற்பாட்டின் நயம். றோலண்டின் பழைய முறைக்கு இக்காப்பு இல்லை.

காலக்கணக்கிலே இரண்டும் ஒத்திருத்தல் நற்பேறு. தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு இரண்டும் 24 துடிப்பே கொள்வன. நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை செல்லும் தாளத்தில் செக்கனுக்கு 48 துடிப்பாம். எனவே துபாசிப் பெட்டியின் வேலை எளிது: மிடிவழி வரும் 248 என்னும் எண்ணைக் கண்டதும் ஒரு துடிப்பைப் பிறப்பித்தல், 250 என்னும் எண்ணுக்குத் தொடக்க ஊசியை உயர்த்துதல், 252 என்பதற்குத் தாழ்த்துதல். பிற நிறுவனத்தாரின் பொறிகளுக்கு இது பொருந்தாது. கோர்க் பொறிகளும் லின் பொறிகளும் 48 துடிப்பை எதிர்பார்ப்பன, ஒபர்ஹைம் டி. எம். எக்ஸ். 96 துடிப்பை. அவற்றுக்கு 24 ஐக் கொடுத்தால் முன்னையன அரை வேகத்திலும் பின்னையது கால் வேகத்திலும் ஓடும். பழுதென்று கருதிப் பொறியைத் திறக்குமுன் இதனை நோக்குதல் நன்று. இக்காலச் சிறு கருவிகள் சில, ஐந்தூசிக் குதையை விடுத்து 3.5 மில்லிமீற்றர் குதையை மிடிக்கு வழங்குகின்றன. அதிலும் ஏ, பீ என இருவகைக் கம்பியொழுங்குகள் வழங்கிவந்தன. 2018 இல் ஏ வகையே நியமமாக ஏற்கப்பட்டது.

அடிதட்டின் நிலை வேறு. எஸ். டி. எஸ். 5 இன் தட்டுக்கள் அறுகோண வடிவின. அவற்றின் முகம் பொலிக்காபனேற்று என்னும் வன்பிளாத்திக்கால் ஆனது. அதன் வன்மையால் மணிக்கட்டு நொந்தோர் பலர். இத்தகைய தட்டைப் புதிய கருவியோடு இணைக்க வேண்டின், அடியின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றல் வேண்டும். சொல்லுதற்கு எளிய இது செய்தற்கு அரிது. பெரும்பாலான அடிதட்டுக்களினுள்ளே பீசோ எனப்படும் சிறு தகடு உளது. அதிர்ந்தால் அது மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும். கோல் ஒருமுறை வீழ்ந்தாலும் தகடு ஒருமுறை அதிர்ந்து அமைவதில்லை. உச்சத்தை எட்டியபின் பலமுறை ஏறியிறங்கியே தணியும். மாற்றுங் கருவி இவ்வேற்றம் ஒவ்வொன்றையும் ஓரடி எனக் கொள்ளுமாயின் ஓரடி மூன்றடியாய் ஒலிக்கும். இதற்காகவே, ஓரடிக்குப்பின் எத்துணை மில்லிசெக்கன் அது செவிபொத்தியிருத்தல் வேண்டும் என வரையறுக்கப்படுகின்றது. அவ்வரையறை மிகுந்தால் விரைந்த உருட்டடிகள் விழுங்கப்படும். குறைந்தால் போலியடி தோன்றும். அயற்றட்டின் அதிர்வு தாங்கியின் வழியே வந்து ஒலியெழுப்புவதைத் தடுத்தற்கு, இன்ன அளவுக்குக் கீழ்ப்பட்ட மின்னழுத்தத்தைப் பொருட்படுத்தற்க என வேறொரு வரையறையும் வேண்டும். வன்முகத் தட்டின் உச்சம் புதிய கருவி தாங்கும் அளவினை விஞ்சுமெனின், இடையே ஒரு மாறுதடையை இட்டுத் தணித்தல் முறை.

அடியின் வலிவை அறிய உச்சம் வரும்வரை கருவி காத்திருத்தல் வேண்டும். இதற்கு இரண்டு அல்லது மூன்று மில்லிசெக்கன் செல்லும். மூன்று எண்களாலாகிய மிடிச் செய்தியைக் கம்பிவழி அனுப்ப மேலும் ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன். ஆக நான்கு. காற்றில் ஒலி இந்நேரத்துக்குள் ஏறக்குறைய மூன்று முழத் தூரம் செல்லும். ஆகையால் வாசிப்போன் இத்தாழ்வைப் பொறுப்பான். கணினி தன் பங்குக்குப் பத்து, பதினைந்து மில்லிசெக்கனைச் சேர்க்குமாயின் பொறான். பழைய முழவிலோ அடிக்கும் ஒலிக்கும் இடையே இத்தகைய தரகு இல்லை. மேலும், தட்டு நுண்ணிதாய் வேறுபடும் எண்ணிறந்த மின்னழுத்தங்களைத் தரவல்லது. மிடியோ வலிவு முழுவதையும் 1 முதல் 127 வரையுள்ள படிகளுக்குள் அடக்கும். அதன் வறுமை என்றது இதனையே. 2020 இல் ஏற்கப்பட்ட இரண்டாம் மிடி நியமத்தில் 65,536 படிகள் உள. ஆயினும் பெருவழக்கிலுள்ளது இன்றும் பழைய மிடியே.

இனி, புதிய தட்டொன்றை அடித்து 808 இன் பேரிகையை ஒலிப்பிக்க விரும்புவோரும் உளர். வெளியிலிருந்து அப்பொறிக்குத் தொடக்கத்தையும் வேகத்தையும் உணர்த்தலாமேயன்றி, அதன் ஒலிகளைத் தனித்தனி அழைக்க இயலாது. அதற்கு உள்ளே புதிய சுற்றுப்பலகை ஒன்றைப் பற்றாசிட்டுப் பொருத்தல் வேண்டும். துளையிடாது பொருத்திப் பின்னர் வடுவின்றி நீக்கத்தக்க பலகையாயின் அது குற்றமன்று. பெட்டியை அறுத்துக் குதை பொருத்துவது வேறு; சுவடியை அச்சேற்ற விரும்புவோர் ஏட்டை நறுக்குவதில்லை. மிடிக்குதையோடு கூடிய தாளப்பொறியே வேண்டுமெனின், அதே நிறுவனத்தார் 1983 இல் வெளியிட்ட ரி. ஆர். 909 உளது.

யப்பானியச் சந்தைக்கென ஆக்கப்பட்ட பொறிகள் 100 வோல்ற்று மின்னுக்குரியன. அவற்றை இலங்கையின் 230 வோல்ற்றுக்கு நேரே கொடுத்தால் மின்மாற்றி எரியும். அழுத்தந் தாழ்த்தும் மாற்றி ஒன்று இன்றியமையாதது. தாளக்கட்டுக்களை நினைவிற் காக்கும் சிறு மின்கலங்கள் நெடுங்காலம் உள்ளேயிருந்து கசிந்து தொடுகைகளை அரித்திருத்தலும் கூடும். இவ்விரண்டையும் பார்த்தபின்னரே முதற்செருகியைச் செருகுதல் தகும்.