உஷார்! எம்.ஓ.யூ. போட்டோவை நம்பி கல்லூரியில் சேராதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஊரெங்கும் பிளெக்ஸ் முளைத்துவிடும். கல்லூரித் தாளாளரும் கம்பெனி அதிகாரியும் ஆளுக்கொரு கோப்பைப் பிடித்தபடி கைகுலுக்கும் படம். கீழே வரிசையாகக் கம்பெனி லோகோக்கள். அதைப் பார்த்துவிட்டு, பொறியியல் கவுன்சலிங்கில் அந்தக் கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட நினைக்கும் பெற்றோரே, ஒரு நாள் பொறுங்கள்.

அந்தக் கோப்பில் இருப்பது பெரும்பாலும் எம்.ஓ.யூ. எனப்படும் புரிந்துணர்வு ஒப்பந்தம்தான். சேர்ந்து செயல்பட விருப்பம் என்பதற்கு மேல் அதில் இரு தரப்பும் எதற்கும் கட்டுப்படுவது அரிது. எந்தத் துறைக்கு லேப், எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப், எத்தனை பேருக்கு வேலை என்று எண் போட்டு எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தம் எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் கேளுங்கள். உங்கள் பிள்ளை மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது அது உயிரோடு இருக்க வேண்டுமே!

உண்மையான கூட்டு கண்ணுக்குத் தெரியும். கோவை பீளமேட்டில் 1926-லேயே பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் இருந்தது. மோட்டாரும் பம்பும் செய்த அந்தத் தொழிற்கூட வளாகத்தில்தான் 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. தரமணியில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில் இடம் பிடிக்கும் கம்பெனிகள், பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்ததைக் கிரெடிட் கணக்காகக் காட்ட வேண்டும். அங்கே கூட்டு என்றால் மாணவன் கையில் கிரீஸ் படுவது, அவன் எழுதிய புரோகிராம் ஓடுவது.

எனக்கு அதிகம் பயம் தருவது இன்னொன்று. 'இண்டஸ்ட்ரி கோர்ஸ்' என்று பெயர் வைத்து, வழக்கமான கட்டணத்துக்கு மேல் தனியாகப் பணம் கேட்பது. பாடம் நடத்தப்போவது லோகோவில் உள்ள கம்பெனியா, அதன் பெயரைப் பயன்படுத்த அனுமதி வாங்கிய பயிற்சி மையமா? சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? இதைக் கேட்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க அரசுக் குழு இருக்கிறது. நன்கொடை வசூலைத் தடுக்க 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ரசீது தர மறுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கம்பெனிகளோடு சேர்ந்த பயிற்சி மாணவருக்கு இலவசம். அதே மாதிரிப் பயிற்சிக்குக் கல்லூரி காசு கேட்டால், எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லி பாண்டில் கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்கு எடுத்து வந்து வரி விடாமல் படியுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருக்கிறது, சரிபார்த்ததும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. தரும் அங்கீகாரத்தையும் பாருங்கள். அது ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு இருப்பதால் நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாய்ஸை லாக் செய்வதற்கு முன், கல்லூரி விடும் நேரத்தில் அதன் வாசல் பஸ் ஸ்டாப்பில் போய் நில்லுங்கள். நீங்கள் சேர நினைக்கும் அதே பிரிவில் படிக்கும் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "அந்தக் கம்பெனிக்குள்ள நீங்க போயிருக்கீங்களாப்பா? எத்தனை நாள்? என்ன வேலை கொடுத்தாங்க?"