பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடுவோம்

2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தன. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடியவை, பத்தொன்பது மாதங்கள் கழித்துத் திறந்தன. அன்று இரண்டாம் வகுப்பில் பெயர் இருந்த பிள்ளை, வகுப்பறைக்குள் முதன்முறையாகக் கால் வைத்தது. முகக்கவசமும் கைகழுவலும் அப்போது கட்டாயம் தேவைப்பட்டன. ஆனால் கிராமப் பள்ளிகளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் வகுப்பில் இல்லாத பிள்ளை எங்கே போனது?

வேலைக்குப் போன பிள்ளை

ஊரடங்கில் கூலி நின்ற வீடுகளில் பிள்ளையின் சம்பாத்தியமும் அடுப்பெரிக்கத் தேவைப்பட்டது. செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் போனவர்கள் தாமாகத் திரும்பமாட்டார்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைப்பது குற்றம். வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வறுமையால் அனுப்பிய பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. ஆகவே பயந்து மறைக்க வேண்டாம். வீட்டு ஆடுமாடு, வயல் வேலையில் பிள்ளை உதவலாம். அதுவும் பள்ளி நேரம் போகத்தான், படிப்பு கெடாமல்தான்.

திருமணம் பேசப்படும் பெண்

‘பள்ளிக்கூடம்தான் இல்லையே, முடித்துவிடலாம்’ என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்தது. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்துவைத்தால் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் உண்டு. தகவல் தெரிந்தவர் யாரும் 1098 என்ற இலவச எண்ணுக்கு எந்நேரமும் சொல்லலாம்.

மாற்றுச் சான்றிதழ் இல்லாத பிள்ளை

கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருவோர் பலர். பழைய பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழைத் தராமல் இழுக்கும் பள்ளிகளும் உண்டு. அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். வயதுச் சான்று இல்லை என்றும், சேர்க்கைக் காலம் முடிந்தது என்றும் திருப்பி அனுப்பக் கூடாது.

எழுத்து மறந்த பிள்ளை

வீட்டில் இருந்த ஒரே செல்பேசியும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. இணைய வகுப்பு எப்படி எட்டும்? இடையில் நின்று திரும்பும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியதை ஈடுகட்டத் தனிப்பயிற்சி தர வேண்டும். இது சட்டம் தந்த உரிமை. 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவுக்கே வந்து பாடம் சொன்னார்கள். நல்ல துணை அது; ஆனால் ஆசிரியர் இடத்தை அது நிரப்பாது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் பாதிப் பள்ளி நின்றுவிடும். மாற்று ஆசிரியரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கட்டடமும் சோறும்

வடகிழக்குப் பருவமழையில் பள்ளி திறந்தது. ஒழுகும் கூரை, விரிசல் விட்ட சுவர், கழுவாத தண்ணீர்த் தொட்டி, புதர் மண்டிய கழிப்பறை ஆகியவற்றைப் பெற்றோரே நேரில் போய்ப் பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சலுகையல்ல. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உறுதி செய்த உரிமை.

யாரிடம் கேட்பது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவது அவர்கள் பொறுப்பு. முதலில் அங்கே பேசுங்கள். தீராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் தரும் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நியாயம் இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். கல்வித் துறை உதவி எண் 14417.

பிள்ளை தவறாமல் பள்ளிக்கு வருகிறதா என்று கண்காணிப்பது அரசின் கடமை என்றே சட்டம் சொல்கிறது. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை வரவில்லை என்பது ஊருக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்த வாரமே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.