புளித்த தீனி நன்று, பூஞ்சைத் தீனி நஞ்சு

நம் ஆரணிக்குப் பட்டும் அரிசியும் பெருமை. தறியோசை கேட்கும் வீடுகளின் கொல்லைப்புறத்தில் நான்கைந்து கோழிகள் மேய்வதையும் நாம் காண்கிறோம். அவற்றுக்கு நொய்யையும் கம்பையும் உலர்ந்தபடியே இறைப்பதைவிடப் புளிக்க வைத்துக் கொடுப்பது நலம்.

மண்சட்டியில் தானியத்தை இட்டு, இரண்டு விரற்கடை மேலே நிற்குமாறு நீர் ஊற்றி, துணியால் மூடி நிழலில் வைக்கவேண்டும். தினம் இருமுறை கிளறினால் இரண்டு மூன்று நாட்களில் இட்லி மாவைப்போல் நுரைத்துப் புளிக்கும். இது லாக்டிக் அமில நுண்ணுயிர்களின் வேலை. தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் பாஸ்பரஸ் முதலிய சத்துகளைப் பிணைத்து வைத்திருக்கிறது. புளிக்கும்போது அப்பிணைப்புத் தளர்வதால் அவை கோழிக்கு எளிதில் கிடைக்கின்றன.

ஆனால் புளிப்பு வேறு, பூஞ்சை வேறு. 1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. அதிலிருந்த நஞ்சின் பெயர் அஃப்ளடாக்ஸின். வேகவைத்தாலும் அது முற்றும் அழியாது.

ஆகவே, "கெட்டுப்போனதுதானே, கோழிக்குப் போடு" என்னும் பழக்கத்தை நாம் விடவேண்டும். இனிய புளிப்பு மணம் வீசினால் இடலாம். பச்சையோ கறுப்போ படர்ந்திருந்தால் புதைத்துவிடவேண்டும். வாயில்லா உயிருக்கு நாம் இடும் உணவே நாளை முட்டையாக நம் தட்டுக்கு வருகிறது அல்லவா?