பிள்ளையின் பந்தாட்டம்: செலவு யாருக்கு, நட்டம் யாருக்கு?



பங்குனி, சித்திரை மாதங்களில் வரிப் பத்திரம் நிரப்ப எம்மவர் கொண்டுவரும் கடித உறைகளுக்குள் ‘சொக்கர் அக்கடமி’ என்று தலைப்பிட்ட பற்றுச்சீட்டுகள் இப்போது அதிகம். “அண்ணை, இதை வரியிலே கழிக்கலாமோ?” என்பது முதற் கேள்வி. “இதாலே பெடியன் ரி.எஃப்.சி.க்குப் போகலாமோ?” என்பது இரண்டாவது.

முதற் கேள்விக்கு விடை சுருக்கமானது. பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கென மத்திய அரசு 2007இல் கொண்டுவந்த வரிச்சலுகை 2017ஆம் வரியாண்டிலிருந்து இல்லை. பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பராமரிப்பதே முக்கிய நோக்கமாக உள்ள பகல் முகாம் என்றால், அதைப் பிள்ளைப் பராமரிப்புச் செலவாகக் காட்ட இடமுண்டு. மாலைப் பயிற்சிக் கட்டணம் அதில் சேராது.

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல, ஒரு தொழில்முறைக் கழகத்தின் அக்கடமி எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்ப்போம்.

ரொறன்ரோ எஃப்.சி. 2007இல் எம்.எல்.எஸ். லீக்கில் ஆடத் தொடங்கியது. அந்த லீக்கில் சேர்ந்த முதலாவது கனடியக் கழகம் அதுதான். அடுத்த ஆண்டே, 2008இல், தன் இளையோர் அக்கடமியை ஆரம்பித்தது. பழைய விமானப்படைத் தளம் இருந்த டவுன்ஸ்வியூவில் 2012இல் அதன் பயிற்சி மைதானம் திறக்கப்பட்டது. 2015இல் ரி.எஃப்.சி. இரண்டு என்ற இரண்டாம் அணி களமிறங்கியது. அடியில் வயதுவாரியான இளையோர் அணிகள், நடுவில் இரண்டாம் அணி, மேலே முதலாம் அணி. இந்த மூன்று படிகளும் ஒரே கழகத்துக்குள் இருக்கின்றன. அக்கடமியில் வளர்ந்த பிள்ளையை, லீக்கின் விதிகளுக்கு அமைய, வேறு கழகங்களோடு போட்டியிடாமலே முதலாம் அணிக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையும் கழகத்துக்கு உண்டு.

இப்படி மேலேறியவர்களுள் எங்கள் பிறம்ரன் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இங்கு பிறந்த டொனீல் ஹென்றி 2010இல் முதலாம் அணியில் சேர்ந்தார். இங்கு பிறந்த ஜேடன் நெல்சன் 2020இல் ஒப்பந்தமாகி, 2023இல் நோர்வேயின் ரோசன்போர்க் கழகத்துக்குப் போனார்.

எம்.எல்.எஸ். கழகங்களின் அக்கடமிகளில் பொதுவாகப் பயிற்சிச் செலவைக் கழகமே ஏற்கிறது. கழகம் ஏன் செலவழிக்கிறது? கணக்காளர் மொழியில் சொன்னால் அது ஒரு முதலீடு. நூறு பிள்ளைகளில் ஒருவரோ இருவரோ முதலாம் அணிக்கு வந்தால், வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டிய வீரர் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறார். பின்னர் அவரை விற்றால் இலாபம். வராதவர்களுக்கான செலவு கழகத்தின் நட்டம்.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதியொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் வேறு நாட்டுக் கழகமொன்றுக்கு விற்கப்பட்டால், விற்பனைத் தொகையில் 5 வீதம் அவரைச் சிறுவயதில் பயிற்றிய கழகங்களுக்குப் பிரிக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் கால் வீதம். 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை வீதம். ஒரு கோடி டொலருக்கு ஒருவர் விற்கப்பட்டால் பிரிக்கப்படுவது ஐந்து இலட்சம். அவரை 12 வயதிலிருந்து நான்கு ஆண்டுகள் பயிற்றிய கழகத்துக்கு ஓர் இலட்சம் கிடைக்கும். எம்.எல்.எஸ். நீண்டகாலம் இந்தப் பங்கைக் கேளாமலிருந்தது. 2019 சித்திரையில்தான் இனிமேல் கேட்போம் என்று அறிவித்தது.

இனி அந்தப் பற்றுச்சீட்டுக்கு வருவோம். ‘அக்கடமி’ என்ற சொல்லைத் தனியார் நிறுவனங்களும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. அவற்றில் நல்ல பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் கணக்கு தலைகீழ். இங்கே முதலீடு செய்பவர் பெற்றோர். பிள்ளை மேலே போகாவிட்டால் நட்டமும் பெற்றோருக்கே. நிறுவனத்தின் வருமானம் பிள்ளைகளின் தொகையில் தங்கியிருக்கிறது. ஆகவே “உங்கள் மகனுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது” என்று அங்கே சொல்லப்படும்போது, சொல்பவருக்கு அதில் எந்தச் செலவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கையெழுத்திடுமுன் சில கேள்விகள் கேளுங்கள். பயிற்றுநரிடம் கனடிய உதைபந்தாட்டச் சங்கத்தின் எந்தத் தரச் சான்றிதழ் இருக்கிறது? பொலிஸ் சான்று பெற்றவரா? ஒன்ராறியோ சங்கத்தில் பதிவு உண்டா? சீருடை, சுற்றுப்போட்டி, பயணம், விடுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு? பிள்ளை காயப்பட்டால் காசு திரும்புமா? கடந்த மூன்று ஆண்டுகளில் இங்கிருந்து எந்தப் பிள்ளை எந்தக் கழகத்துக்குப் போனார்? கடைசிக் கேள்விக்குப் பெயரோடு விடை வரவேண்டும்.

ரி.எஃப்.சி. தெரிவில் பிள்ளை விடுபட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. 36 ஆண்டுகளுக்குப் பிறகு கனடா உலகக் கிண்ணத்தில் ஆடிய 2022இன் அணியைப் பாருங்கள். தலைவர் அற்றிபா ஹட்சின்சன், கைல் லாரின், ரேஜொன் பியுக்கனன் மூவரும் பிறம்ரனில் பிறந்தவர்கள். மூவரில் எவரும் ரி.எஃப்.சி. அக்கடமி வழியாக வரவில்லை. லாரினும் பியுக்கனனும் மிசிசாகாவின் சிக்மா கழகத்திலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆடியவர்கள். லாரின் கனெற்றிகற், பியுக்கனன் சிரக்கியூஸ். கல்லூரி வீரர்களை எம்.எல்.எஸ். கழகங்கள் முறைவைத்துத் தெரியும் நிகழ்வில் 2015இல் முதலாவதாகத் தெரிவானவர் லாரின். 2019இல் ஒன்பதாவதாகத் தெரிவான பியுக்கனன், 2024 தையில் இத்தாலியின் இன்ரர் மிலானில் சேர்ந்தார்.

கொலம்பியாவிலிருந்து வந்த பெற்றோரின் மகனாகப் பிறம்ரனில் வளர்ந்த ஜொனதன் ஒசோரியோவோ, உருகுவேயில் சில காலம் பயின்று திரும்பி, பிந்தித்தான் ரி.எஃப்.சி. அக்கடமிக்கு வந்தார். 2013இல் 20 வயதில் முதலாம் அணியில் இடம்பிடித்தவர், கழகத்துக்காக 300க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிவிட்டார். 13 வயதில் தெரிவாகாத பிள்ளைக்கு 20 வயதிலும் ஒரு கதவு திறக்கலாம்.

பெண்பிள்ளைகளை மறக்கவேண்டாம். பிறம்ரனில் வளர்ந்த கடீஷா பியுக்கனன் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 2025இல் கனடாவின் முதலாவது தொழில்முறைப் பெண்கள் லீக் ஆறு கழகங்களோடு தொடங்கியது. ஏ.எஃப்.சி. ரொறன்ரோ அவற்றில் ஒன்று. “பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குப் பந்து” என்ற பேச்சை நாங்கள் விடவேண்டும். தெல்லிப்பழை மகாஜனாவின் மாணவிகள் பந்தடித்துப் பெயர் வாங்கியதை எங்கள் ஊர் கண்டிருக்கிறது.

கட்டணமில்லாத அக்கடமியிலும் குடும்பத்துக்கு ஒரு செலவு உண்டு. பிறம்ரனிலிருந்து டவுன்ஸ்வியூவுக்கு மாலை நெரிசலில் போய்வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். 407இல் போனால் சுங்கக் கட்டணம். இரவு வேலைக்குப் போகும் தகப்பனுக்கு அது நித்திரை. பிள்ளைக்கு அது வீட்டுப்பாட நேரம். தெரிவானவர்களிலும் பெரும்பாலானோர் தொழில்முறை வீரராவதில்லை. அதனால் பன்னிரண்டாம் வகுப்புப் பெறுபேற்றைப் பந்துக்காக அடகு வைக்க வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலுக்கும் அந்தப் புள்ளிகள் வேண்டும். ஏதாவது ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன், அது கல்லூரி ஆட்டத் தகுதியைப் பாதிக்குமா என்று பாடசாலை ஆலோசகரிடம் கேளுங்கள்.

காசு தடையென்றால் 2005இல் தொடங்கிய ஜம்ப்ஸ்ராட் அறநிறுவனம் 4 முதல் 18 வயது வரையானோரின் விளையாட்டுக் கட்டணத்துக்கு உதவுகிறது. பிறம்ரன் நகரசபையின் அக்ரிவ் அசிஸ்ற் திட்டம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நகரசபை வகுப்புகளில் கட்டணச் சலுகை தருகிறது. இரண்டுக்கும் விண்ணப்பிக்க வெட்கப்படத் தேவையில்லை. நாங்கள் கட்டும் வரியும் போடும் நன்கொடையும் இவற்றில் இருக்கின்றன.

ஆகவே அடுத்த பற்றுச்சீட்டை எழுதுமுன், பிள்ளை வீரராக வராவிட்டால் நட்டம் யாருக்கு என்று கேளுங்கள். விடை ‘எங்களுக்கு’ என்றால், தாங்கக்கூடிய தொகையை மட்டும் கட்டுங்கள். மிகுதியைப் பிள்ளையின் பல்கலைக்கழகச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அங்கே அரசும் தன் பங்குக்கு 20 வீதம், ஆண்டுக்கு 500 டொலர் வரை, சேர்த்துப் போடும்.

கேள்விகள் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த பேச்சில் சந்திப்போம்.